மதர்போர்டு செத்தா லைசென்ஸும் சாகுற சாஃப்ட்வேர், வாங்குறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்

நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த் பக்கம் கடைங்களுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். 2023ல லோட்ஷெடிங், அதாவது முறை போட்டு கரண்ட் கட் பண்றது, ஸ்டேஜ் 6 வரைக்கும் போன சமயம், கரண்ட் போறப்ப ஒண்ணும் ஆகாது, திரும்பி வர்றப்பதான் அடிக்கும், அப்படி ஒரு மசாலா கடையில மதர்போர்டு போயிருச்சு. ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, பில்லு ஸ்டாக்கு எல்லாம் பத்திரம், ஆனா புது போர்டு போட்டு ஆன் பண்ணா பில்லிங் சாஃப்ட்வேர் "இந்த கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் கிடையாது"ன்னு நிக்குது. கம்பெனிக்கு போன் போட்டா, பழைய மெஷின்ல போயி லைசென்ஸை டீஆக்டிவேட் பண்ணுங்க, அதாவது கழட்டி விடுங்கன்றாங்க. செத்தவன் எந்திரிச்சு வந்து கையெழுத்து போடணுமாம்! மாசக் கடைசி வேற, வாட் கணக்கு போடணும், கடை அக்கா ரெண்டு நாள் கார்பன் பில் புக்குலயே ஓட்டுனாங்க.

விஷயம் என்னன்னா, இந்த மாதிரி சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும்போது மதர்போர்டு சீரியல், ப்ராசஸர் ஐடி, டிஸ்க் சீரியல், நெட்வொர்க் கார்டோட மேக் அட்ரஸ், இப்படி நாலஞ்சு நம்பரை எடுத்து கலந்து ஒரு கோடு ஆக்கிக்கும், மறுபடி ஆன் பண்றப்ப அந்த கோடு மாறியிருந்தா கதவை சாத்திரும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த நம்பருங்களே ஒழுங்கு கிடையாது. சில சாஃப்ட்வேர் டிஸ்க் சீரியல்னு எடுக்கிறது சி ட்ரைவோட வால்யூம் நம்பரைத்தான், அது ஃபார்மட் அடிச்சாலே மாறிரும். விலை கம்மியான போர்டு சிலதுல சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல "டு பி ஃபில்ட் பை ஓ.ஈ.எம்."னு மட்டும்தான் இருக்கும், அதாவது கம்ப்யூட்டர் தயாரிக்கிற கம்பெனி (ஓ.ஈ.எம்.) நிரப்பணும், ஆனா ஃபேக்டரியில யாரும் நிரப்பவே இல்ல, அப்ப ரெண்டு வேற வேற கம்ப்யூட்டருக்கு ஒரே அடையாளம். மேக் அட்ரஸ் இன்னும் மோசம், கரண்ட் இல்லாதப்ப ரவுட்டர் செத்துரும்னு போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாத்துவோம்ல, எந்த கார்டு ஓடுதோ அதோட நம்பரை எடுக்குற சாஃப்ட்வேரா இருந்தா அதுக்கே "வேற மெஷின்"னு சொல்லிரும்.

இதுல மாட்டுறது காசு குடுத்து வாங்குனவன்தான், கிராக் போட்டு திருட்டு காப்பி ஓட்டுறவனுக்கு இந்த தொல்லையே இல்ல. எனக்கு வயித்தெரிச்சலே அதுதான்.

சரி, வாங்குறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ எழுத்துல கேட்டு வச்சுக்கோங்க, வாயால சொன்னது செல்லாது. பழைய மெஷின் ஆனே ஆகலன்னா லைசென்ஸை எப்படி மாத்துவீங்க, வருஷத்துக்கு எத்தன தடவை, காசு எவ்வளவு, சனிக்கிழமை ஃபோன் எடுப்பீங்களா. முக்கியமா, நீங்க கம்பெனிய மூடிட்டா என்ன கதி? சார்ஸ், அதாவது இங்க வரி ஆபீஸ், கணக்குக்கு 5 வருஷம் ரெக்கார்டு வைக்கணும், சாஃப்ட்வேர் திறக்கலன்னா டேட்டா இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால லைசென்ஸ் போனாலும் பழைய பில்லைப் பாக்கவும் எக்செல்லுக்கு எடுக்கவும் விடுதான்னு ட்ரையல்லயே பாத்துருங்க. விடலன்னா நான் வாங்க மாட்டேன்.

வாங்கியாச்சா, ஆக்டிவேட் ஆன அன்னைக்கே லைசென்ஸ் கீ, ஆக்டிவேட் பண்றப்ப சாஃப்ட்வேர் காட்டுற ரிக்வெஸ்ட் கோடு, பில்லு எல்லாத்தையும் போட்டோ எடுத்து போன்ல வைங்க, அதே கம்ப்யூட்டர்லயே சேவ் பண்ணி வைக்காதீங்க. 2021 ஜூலை கலவரத்துல கம்ப்யூட்டரையே தூக்கிட்டு போன கடைங்க எத்தனை! இன்சூரன்ஸ் காசுல புது டப்பா வரும், லைசென்ஸ் அதுல ஒட்டிக்கிட்டு வராது. போர்டு மாத்துறது, ஃபார்மட் அடிக்கிறது எதுவா இருந்தாலும் மெஷின் உயிரோட இருக்கும்போதே முதல்ல டீஆக்டிவேட், அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர். சர்வீஸ் பண்ற பையன்கிட்டயும் இதை சொல்லிருங்க, நாங்க மறந்துருவோம், நெசமா.

விண்டோஸ்லயும் இதே கதைதான். கம்ப்யூட்டரோட வந்த ஓ.ஈ.எம். லைசென்ஸ் போர்டோட போயிரும், தனியா காசு குடுத்து வாங்குன ரீட்டெய்ல்னா மாத்திக்கலாம். 2016ல வந்த விண்டோஸ் 10 1607 அப்டேட்லருந்து லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோட இணைச்சு வைக்கலாம், இணைச்சிருந்தா போர்டு மாத்துன அப்புறம் ஆக்டிவேஷன் பக்கத்துல ட்ரபிள்ஷூட் போயி, ஹார்ட்வேர் மாத்திட்டேன்னு சொல்ற ஆப்ஷனை அமுக்குனா, ரீட்டெய்ல் லைசென்ஸ்னா பெரும்பாலும் திரும்ப வந்துரும். இணைக்காம விட்டவங்க இன்னைக்கே பண்ணிருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

யூஎஸ்பி டாங்கிள், அதாவது லைசென்ஸை உள்ள வச்சிருக்கிற பென்-ட்ரைவ் மாதிரி சாவி, குடுக்குறாங்களே அது பரவால்லையான்னு கேப்பாங்க. போர்டு எரிஞ்சா பிடுங்கி அடுத்ததுல சொருகிக்கலாம், அது வரைக்கும் நல்லது. ஆனா ராத்திரி கடை பூட்டும்போது அதை கம்ப்யூட்டர்லயே விட்டுட்டு போகாம, கல்லாப்பெட்டி சாவியோட கோத்து வீட்டுக்கு எடுத்துட்டு போங்க.