திரும்பி வரும் இடத்தில் காதை வையுங்கள்

மேற்கத்திய செவ்வியல் இசையைக் கேட்டுப் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டு, முதலில் 'தலைசிறந்த நூறு' என்று ஒரு தொகுப்பை வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். பதினைந்தைத் தாண்டவில்லை. எல்லாம் அழகாகத்தான் இருந்தது, எதுவும் மனசில் ஒட்டவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டதும் ஒரு காரணம்.

அப்புறம் முறையை மாற்றினேன். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு சின்னத் துண்டு. வேறு வேலை கிடையாது, ஹெட்போன் மட்டும். எனக்குப் பிடித்த இசையமைப்பாளர்கள் எல்லாரும் இந்த வழியில் கிடைத்தவர்கள்தான். நீங்களும் அப்படியே தொடங்கலாம்.

முதல் வாரத்துக்கு ஷோப்பான் பியானோவுக்கு எழுதிய ஈ மைனர் பிரலூட் (சின்னத் தனித்துண்டு), ஓபஸ் (படைப்பு எண்) 28, எண் 4. இரண்டு நிமிடம், சற்று முன்னே பின்னே. முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை மெட்டை விட்டுவிட்டு இடக்கையை மட்டும் கவனியுங்கள். வலக்கை கிட்டத்தட்ட ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டு, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. இடக்கையின் கார்டுகளோ (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்குகின்றன, அதுவும் எல்லா விரலும் சேர்ந்து இல்லை, ஒருமுறை ஒன்று, அடுத்தமுறை இன்னொன்று. ஆள் நின்ற இடத்திலேயே நிற்க, காலடித் தரை மட்டும் தாழ்ந்துகொண்டே போகிற மாதிரி. பாதி வழியில் அதே தொடக்கம் திரும்பி வரும். இந்த முறை அது அடக்கமாக இருக்காது, ஒரு கணம் வெடித்துவிட்டு அடங்கும். கடைசியில் ஒரு மௌனம், பிறகு மூன்று கார்டுகள். 1849இல் ஷோப்பானின் இறுதிச் சடங்கில் இதை ஆர்கனில் வாசித்தார்கள்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடங்கள் இரண்டு. மெட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கேட்பது ஒன்று. ஏற்கெனவே வந்த ஒன்று திரும்பி வரும்போது எது மாறியிருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இசை இன்றும் நம்மை அசைப்பதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் காரணம் என்பது என் கட்சி. இசையமைப்பாளர் முதலில் நமக்கு ஒரு ஞாபகத்தைத் தருகிறார், பிறகு அந்த ஞாபகத்தின் மேல் கை வைக்கிறார்.

இந்த விஷயத்தில் ஷூபர்ட்டை மிஞ்ச ஆளில்லை. 1814இல், பதினேழு வயதில் எழுதிய பாட்டு 'ராட்டையருகே கிரெட்சன்'. வரிகள் ஜெர்மன் கவிஞர் கோத்தேயின் 'ஃபாவுஸ்ட்' நாடகத்திலிருந்து வந்தவை. பியானோவின் வலக்கைதான் ராட்டைச் சக்கரம், இடக்கை மிதிபலகை. பெண் நூல் நூற்றபடி காதலனை நினைக்கிறாள். அவன் முத்தம் ஞாபகம் வந்ததும் சக்கரம் நின்றுவிடுகிறது. மறுபடி சுற்றப் பார்க்கிறது, தடுமாறுகிறது, பிறகுதான் ஓடுகிறது. ஜெர்மன் தெரியாவிட்டால் பரவாயில்லை, மொழிபெயர்ப்பை ஒருமுறை படித்துவிட்டு அந்த நிற்கும் இடத்துக்காகக் காத்திருங்கள். 'என் நிம்மதி போயிற்று' என்ற பல்லவி ஒவ்வொரு முறையும் அதே மெட்டில்தான் தொடங்குகிறது. ஆனால் முத்தத்துக்குப் பிறகு வருவது பழைய பல்லவி இல்லை.

அது பிடித்துப்போனால் அவருடைய ஸ்ட்ரிங் குவின்டெட்டின் இரண்டாம் பகுதிக்குப் போங்கள். இரண்டு வயலின், ஒரு வயோலா, இரண்டு செல்லோ. 1828இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு எழுதியது, மேடையேறியது 1850இல்தான். மூச்சு விடவே தயங்குகிற அமைதியில் தொடங்கி, நடுவில் புயலடித்து, மறுபடி அமைதி. ஆனால் திரும்பிய அமைதியில் இரண்டாவது செல்லோவைக் கேளுங்கள்: நடுவில் மூன்று வாத்தியங்கள் பழையபடி மெதுவாக நகர, அது அடியில் அலைந்துகொண்டிருக்கும். புயல் இன்னும் முழுசாகப் போகவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்தால் இது காதில் விழாது, நான் பல தடவை தவறவிட்டது அப்படித்தான்.

பீத்தோவனுக்கு எல்லாரும் ஐந்தாம் சிம்ஃபனியைக் காட்டுவார்கள். நான் ஏழாவதின் இரண்டாம் பகுதியைச் சொல்வேன். நீளம், குறில் குறில், நீளம், நீளம்: இந்தத் தாளத்தை மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். முதலில் கீழ்ஸ்தாயித் தந்திகள் மட்டும் முணுமுணுக்கும். அடுத்த சுற்றில் அதே தாளம் வயலினுக்குப் போக, வயோலாவும் செல்லோவும் புதிதாக ஒரு மெட்டைப் பாடும். உங்கள் விரல் மாறவே இல்லை, மேலே ஒரு வீடே எழும்பிவிட்டது. 1813இல் வியன்னாவில் முதன்முதலாக வாசித்தபோதே இந்தப் பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். அன்று நடத்தியவர் பீத்தோவன்தான், காது வெகுவாக மங்கியிருந்த காலம். (வாழ்க்கைக் கதையை முதலில் படிக்காதீர்கள் என்பேன். செவிடாகிக்கொண்டிருந்த மனிதர் என்ற இரக்கம் முந்திக்கொண்டால் இசை பின்னால் நிற்கும்.)

தேடுவதற்கு ஒரு குறிப்பு: இந்த இசையில் ஒரே தலைப்பில் பத்துத் துண்டு இருக்கும், எண்தான் முகவரி. ஷூபர்ட்டுக்கு 'டி' எண், குவின்டெட் டி 956. பாக் என்ற இசையமைப்பாளருக்கு பி.டபிள்யூ.வி எண். மற்றவர் பலருக்கு ஓபஸ்.

பாக்கைக் கடைசிக்கு வைத்தேன், எனக்கு நேரம் பிடித்தவர் அவர். கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், பி.டபிள்யூ.வி 988: ஒரு ஏரியா (பாட்டுப் போன்ற துண்டு), அதன்மேல் முப்பது வேரியேஷன்கள் (அதையே மாற்றி மாற்றி எழுதிய வடிவங்கள்), முடிவில் அதே ஏரியா. ஏரியாவின் மெட்டை ஒவ்வொன்றிலும் தேடித் தேடி ஏமாந்தேன். வேரியேஷன்கள் நிற்பது மெட்டின்மேல் இல்லை, அடியில் நடக்கும் கீழ்ஸ்தாயியின்மேல் என்று பிறகுதான் தெரிந்தது. ஷோப்பானின் இடக்கையைக் கேட்ட காதுக்கு இது எளிது. முதலில் ஏரியாவை மட்டும் நாலைந்து நாள் கேளுங்கள். பியானோ கலைஞர் கிளென் கூல்ட் வாசித்ததில் இரண்டு உண்டு: 1955 பதிவில் அதை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார், 1981இல் மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்கிறார். எனக்கு இரண்டாவது.

பிறகு ஒரு நாள் நேரம் ஒதுக்கி முழுவதையும் ஒரே மூச்சில் கேளுங்கள். இருபத்தைந்தாவது வேரியேஷனின் இருட்டைத் தாண்டி, முப்பதாவதின் கும்மாளத்தையும் தாண்டியபின் ஏரியா வரும். ஒரு ஸ்வரம்கூட மாறியிருக்காது, ஆனால் முதலில் கேட்டது போல் இருக்காது. அன்றைக்கு ஆட்டோபிளேயை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். நான் மறந்துபோனேன், கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் வீட்டுக்கடன் விளம்பரம் ஒன்று காதுக்குள் கத்தியது.