வீட்டிலிருந்தே வேலை: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

வீட்டிலிருந்து செய்யும் வேலையைத் தேடுவோர், விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன், இதுவரை தாம் சம்பளம் வாங்கிச் செய்த பணிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதியவருக்கு, டேலி என்ற கணக்கு மென்பொருளில் ரசீதுகளைப் பதிந்து ஜிஎஸ்டி விவரங்களைத் தயாரித்த பழக்கமே கைமுதல். புதிதாகக் கோடிங் கற்பதைவிட, அந்தக் கணக்கு வேலையையே தொலைவிலிருந்து செய்வது அவருக்கு விரைவில் அமையும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, வேலை தரும் நிறுவனம் இருக்கும் ஊரின் நேரத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது சேலத்தில் மாலை 6.30, அங்கே குளிர்காலமென்றால் 7.30, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அது பெருஞ்சுமை.

ஏற்காட்டில் இருப்பவர்கள், மழை நாள்களில் இணையம் எத்தனை முறை அறுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்துவிட்டு, அடிக்கடி அறுந்தால், தொலைபேசியில் வாடிக்கையாளரோடு பேசும் வேலையை விலக்கி, முடித்தபின் அனுப்பக்கூடிய மொழிபெயர்ப்பு போன்றவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களை அப்போதே நீக்கிவிடுங்கள்.