ரீமர் வாங்குமுன் வரைபடத்தைக் கேளுங்கள்

ரைபிள் குழலில் தோட்டா அமரும் அறையான சேம்பரைக் குடைவதற்கான ரீமர் என்ற வெட்டுக்கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, விலையையும் பெயரையும் பார்ப்பதற்கு முன்பே, அளவுகள் குறித்த வரைபடத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கி, அதிலுள்ள சேம்பர் நீளத்தைத் தோட்டா உறையின் உச்ச நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடம் தரத் தயங்குபவரை விட்டுவிடலாம். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் உறையின் உச்ச நீளம் 2.015 அங்குலம், சேம்பர் அதைவிடச் சற்று நீளமாகவே இருக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் உறையின் வாய் சேம்பர் விளிம்பில் முட்டி, குண்டை இறுகப் பற்றிக்கொள்வதால், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். இடைவெளி சிறிது மிகுந்தாலோ, அங்கே கரி படியும், அவ்வளவுதான். ஏற்கெனவே குடைந்து முடித்த குழலுக்கு இக்குறிப்பு பொருந்தாது. அங்கே சேம்பரை அளந்து, உறையைத்தான் வெட்டிக் குறைக்க வேண்டும்.