ஏர் பிஸ்டலுக்கு எந்த பெல்லட்? நீங்களே சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற பிறகு, தண்டையார்ப்பேட்டை, பெரம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஏர் பிஸ்டல் பழக வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்த பெல்லட் வாங்கறது?" பெல்லட் என்றால் ஏர் பிஸ்டலில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டு. டப்பாவின் பேரைச் சொன்னால் வேலை முடிந்துவிடாது. உங்கள் பேரல் எதை ஏற்கிறது என்பதை அதனிடமே கேட்க வேண்டும். அதற்கான வழி இது. லோடு செய்வது, சைட் பார்ப்பது எல்லாம் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

10 மீட்டர் போட்டிக்கு 4.5 மி.மீ. அதாவது .177 பெல்லட் மட்டும்தான். இந்த அளவில், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டாம். வாங்கும்போது அடையாளச் சான்று காட்ட வேண்டும். 25 மீட்டரில் சுடும் .22 தோட்டாவுக்கு உரிமம் தேவை, அதை இங்கே பேசவில்லை.

முதலில் தலையின் வடிவம். கூர்முனை, உருண்டைத் தலை, குழித்தலை மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். அவை தாளைக் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டையின் ஓரம் பிசிறடிக்கும். தட்டைத் தலை பெல்லட் பஞ்சிங் மெஷின் போல வட்டமாக வெட்டும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வராது. ஆனால் ஜெராக்ஸ் தாளில் அச்சடித்த டார்கெட்டில் தட்டைத் தலையும் கிழிக்கத்தான் செய்யும். முறையான டார்கெட் கார்டு கிடைக்காவிட்டால், பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பளபளப்பில்லாத தடித்த அட்டை வாங்கி அச்சடித்துக்கொள்ளுங்கள். குறுக்களவில் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ., பத்துப் புள்ளி தரும் நடு வளையம் 11.5 மி.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது எடை. பிஸ்டலுக்கு 0.45 முதல் 0.49 கிராம் வரை போதும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 பிஸ்டல் வகை 0.45 கிராம், எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் பிஸ்டல் வகை 0.49 கிராம். ரைஃபிளுக்கான 0.53 கிராம் பெல்லட்டைத் தவறிப்போய் வாங்கிவிடாதீர்கள்.

இனி வருவதுதான் பலரைக் குழப்பும் இடம்: தலையின் அளவு. டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று சின்னதாக ஒட்டியிருப்பார்கள். வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். ஆனாலும் தலைதான் பேரலின் வரிப்பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு போகிறது. தளர்வாக இருந்தால் ஆடும், இறுக்கமாக இருந்தால் வேகம் சீராக இருக்காது. ஒரே மாடல் பிஸ்டல் இரண்டு இருந்தாலும் இரண்டுக்கும் வேறு வேறு அளவு பிடிக்கலாம். அதனால் நண்பர் சொன்ன அளவை அப்படியே வாங்காதீர்கள்.

சோதிக்கும்போது கையில் பிடித்துச் சுடக்கூடாது. மணல் பையில் பிஸ்டலைச் சாய்த்துவையுங்கள், பேரல் எதன் மேலும் படக்கூடாது. பெல்லட் மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ஒரு கார்டுக்கு ஐந்து ஷாட். கார்டின் மூலையில் பெல்லட் பேரும் அளவும் எழுதிவிடுங்கள். ஒரு அளவுக்கு நான்கைந்து கார்டாவது வேண்டும். ஒரு கார்டில் ஐந்து ஓட்டைகளும் பரவியிருக்கும் அகலம்தான் குரூப். ஒற்றைக் குரூப்பை நம்பாதீர்கள்.

ஐந்தும் ஒரே ஓட்டையாகச் சேர்ந்துவிட்டால் எப்படி அளப்பது? வெளி ஓரத்திலிருந்து எதிர் வெளி ஓரம் வரை, அகலமான இடத்தில் வெர்னியர் வைத்து அளந்து, 4.5 மி.மீ. கழியுங்கள். 9 மி.மீ. வந்தால் குரூப் 4.5 மி.மீ. எந்த பெல்லட்டுக்குக் குரூப் சின்னதாக வருகிறதோ, அதுதான் உங்கள் பேரலுக்கு.

இந்த எண் ஏன் முக்கியம்? பெல்லட்டின் ஓரம் நடு வளையத்தின் கோட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைக்கும். அதாவது ஓட்டையின் நடு, மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம் (வளையத்தில் பாதி 5.75, பெல்லட்டில் பாதி 2.25). குரூப் 8 மி.மீ. என்றால் ஏறக்குறைய 4 மி.மீ. பெல்லட்டுக்கே போய்விடும், உங்கள் கைக்கு மிச்சம் 4. குரூப் 4 மி.மீ. என்றால் கைக்கு 6 கிடைக்கும். தொடக்கத்தில் கை இதைவிட அதிகமாகவே ஆடும். அதனால் தினப்பயிற்சிக்கு விலை குறைந்த தட்டைத் தலையே போதும் என்பது என் உறுதியான கருத்து. போட்டியில் 60 ஷாட். பயிற்சியும் அதே கணக்கில் போனால் 500 பெல்லட் டப்பா எட்டு நாளில் காலி. போட்டிக்கு விலை கூடியதை வாங்கும்போது அதே எடையில் வாங்குங்கள், சைட்டை அதிகம் திருப்ப வேண்டியிருக்காது.

இதையெல்லாம் ரேஞ்சில் செய்யுங்கள், கண்ணாடி அணிந்து. வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் நம் ஏரியாவில் மொட்டைமாடி இதற்கான இடமே இல்லை. அப்புறம், பெல்லட் ஈயம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை: எண்ணூரிலிருந்து ஒருவர், திறந்துவைத்த டப்பாவில் பெல்லட் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது, சுடலாமா என்று கேட்டிருந்தார். ஈரக்காற்றில் ஈயம் அப்படித்தான் ஆகும். அதைச் சுட வேண்டாம், ஊதவும் வேண்டாம். அந்தத் தூசி மூச்சில் போகக்கூடாது. புது டப்பாவை மூடி இறுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவுக்குள் வையுங்கள்.

இன்னொருவருக்கு நல்ல அளவு கிடைத்தும் நடுநடுவே ஒரு ஷாட் மட்டும் தனியே ஓடுகிறதாம். பெல்லட்டின் பாவாடை, அதாவது பின்பக்கம் விரிந்திருக்கும் விளிம்பு, நசுங்கியிருக்கிறதா பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் பெல்லட்டை உருட்டினால் நல்லது சீராக வளைந்து ஓடும், நசுங்கியது தத்தித் தத்தி ஓடும். தத்துவதை ஒதுக்கிவிட்டு மறுபடி ஐந்து சுடுங்கள்.