கெந்திங் மலைக்கு: செலவைக் குறைக்க ஒரு வழி

எங்கள் ஊரான பத்தாங்காலியிலிருந்து மலேசியாவின் மலை உல்லாசத்தலமான கெந்திங் போவது என்றாலே பலர் பள்ளி விடுமுறையைத்தான் பார்க்கிறார்கள். அறை விலை ஏறுவதும் அப்போதுதான். சனிக்கிழமையையும் பொது விடுமுறையையும் விட்டுவிட்டு, ஒரு திங்களோ செவ்வாயோ விடுப்பு எடுங்கள். 7,351 அறைகள் உள்ள ஃபர்ஸ்ட் வோர்ல்ட் ஹோட்டலில் வார நாட்களில் விலை நன்றாக இறங்கும்.

கார் இல்லையா? கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் போய், அங்கிருந்து கேபிள் கார் புறப்படும் அவானாவுக்குப் பேருந்து ஏறுங்கள். அப்புறம் கேபிள் காரில் மலைமேல் போகலாம். கண்ணாடித் தரை வேண்டாம், சாதாரணப் பெட்டியே போதும். பனி விலகும்போது ஜன்னல் வழியே காடு முழுதும் தெரியும். நடுவில் சின் சுவீ குகைக் கோயிலில் கட்டாயம் இறங்குங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒன்பது மாடிப் பகோடாவைப் பார்க்கவே எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போதவில்லை.

சாப்பாட்டில்தான் காசு கரையும். நாங்கள் வீட்டிலேயே நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி, பிளாஸ்கில் சுடச்சுடத் தேநீர் எடுத்துப் போனோம். சுமார் 1,800 மீட்டர் உயரம், மாலையில் குளிர் எலும்பைத் தொடும். அங்கே போய் ஸ்வெட்டர் வாங்காதீர்கள், கையோடு கொண்டு போங்கள்.

சூதாட்டக் கூடத்துக்குள் 21 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை, இரண்டு நாளும் நிறைவாகவே போனது.