வீடு எரிந்த பிறகு சாம்பலில் பாத்திரம் தேடுவது எப்படி

மின்கசிவில் அம்மாவின் ஓட்டு வீடு எரிந்த மறுநாள் காலையிலேயே காயலான் கடை வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. "எல்லாம் கருகிப்போச்சும்மா, மொத்தமா எடைக்குப் போட்டுடுங்க" என்றார் வந்தவர். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். நான்தான் தடுத்தேன். அந்தக் கரிக்குள் பாட்டியின் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கிடந்தது. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால், அவசரப்பட்டு எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

மின் இணைப்பைத் துண்டித்து, சிலிண்டரை அப்புறப்படுத்திய பிறகுதான் உள்ளே போக வேண்டும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். எரிந்த பிளாஸ்டிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் துகளும் அந்தச் சாம்பலில் இருக்கலாம். எதையும் நகர்த்துமுன் போட்டோ எடுத்துவிடுங்கள். பீரோவை, தொட்டால் சூடே இல்லாத நிலை வந்த பிறகும் ஒரு நாள் விட்டுத் திறங்கள். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் துணியும் காகிதமும், காற்று பட்டதும் பற்றிக்கொள்ளும்.

முதலில் கழுவாதீர்கள், சலியுங்கள். மணல் சல்லடையில் ஒரு முறை, மாவுச் சல்லடையில் ஒரு முறை. 22 காரட் தங்கத்தில் கலந்திருக்கும் செம்பு, சூட்டில் கறுத்துவிடும். கறுப்பாக இருக்கிறதே என்று எறிந்துவிடக் கூடாது. தாலிக் குண்டு இரண்டை அப்படித்தான் எடுத்தோம்.

எங்கே தேடுவது என்பதை உருகிய பொருள்களே சொல்லும். எங்கள் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு, அதாவது வெள்ளீயச் சொம்பு, 232 டிகிரியிலேயே உருகி, அடுப்பு மேடையில் வெள்ளைத் துளிகளாகச் சிதறிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த அலுமினியக் குண்டான் உருகவில்லை. அப்படியென்றால் அந்த மூலையில் சூடு 660 டிகிரியைத் தொடவில்லை. வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், செம்புக்கு 1085. ஆகவே அங்கே இருந்த வெள்ளிக் கிண்ணம் முழுசாகத்தான் இருக்கும் என்று நம்பித் தோண்டினோம், கிடைத்தது.

உருகிய கட்டி எந்த உலோகம் என்று தெரியவில்லையா? காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. எவர்சில்வரில் சில ரகம் ஒட்டும், சில ரகம் ஒட்டாது. ஒட்டாததைச் சமையல் தராசில் நிறுங்கள். பிறகு விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரில் மெல்ல அமிழ்த்தி, வழியும் தண்ணீரைப் பிடித்து அதையும் நிறுங்கள். முதல் எடையை இரண்டாவதால் வகுத்து 2.7 பக்கம் வந்தால் அலுமினியம், 7.3 என்றால் வெள்ளீயம், 8.5 என்றால் பித்தளை, 10.5 என்றால் வெள்ளி. மேலே சிவந்திருப்பதெல்லாம் செம்பும் அல்ல. கடும் சூட்டில் பித்தளையின் மேல்தோலிலிருந்து துத்தநாகம் போய்விடும். அடிப்பக்கம் அரத்தால் லேசாக ராவினால் மஞ்சள் தெரியும்.

பிரித்தாயிற்றா, இனித் தள்ளிப்போடாதீர்கள். எரிந்த வயரின் புகைப்படிவு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். கரியை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பித்தளைக்கும் செம்புக்கும் அப்புறம் புளியும் உப்பும். கழுவியதும் துணியால் ஒற்றி வெயிலில் வையுங்கள், ஈரம் நின்றால் களிம்பு ஏறும். தோசைக்கல்லைத் துரு போகச் சுரண்டி, எண்ணெய் தடவிப் பழக்கினால் போதும்.

பிரஷர் குக்கர் பார்க்க நன்றாகவே இருந்தாலும் திரும்ப அடுப்பில் ஏற்றாதீர்கள். சூடு பட்ட அலுமினியம் வலுவிழந்திருக்கும். நான்ஸ்டிக் சட்டியும் வேண்டாம். பித்தளைப் பாத்திரத்தில் ஈயப்பூச்சு போயிருந்தால், மறுபடி பூசும்வரை அதில் சமைக்கக் கூடாது.

குத்துவிளக்கின் மரைகள் இறுகிப்போயிருந்தன. சுத்தியலால் தட்ட எனக்கு மனசு வரவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு வைத்தேன். மூன்றாம் நாள் தண்டு தானாகச் சுழன்று கழன்றது.