ஒளிரும் பாலிமர்: சாயம் சங்கிலியில்தான் இருக்கிறதா?

புறஊதா விளக்கின் கீழ் குடுவை நீலமாக ஒளிர்ந்ததும் பாலிமர் தயார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஒளிர்வது பாலிமர் சங்கிலியோடு பிணைந்த சாயமா, இடையில் சிக்கிக் கிடக்கும் தனிச் சாயமா என்று விளக்கு சொல்லாது.

நீலமாக ஒளிரும் பைரீன் என்ற சாயத்தையே எடுத்துக்கொள்வோம். எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட்) என்ற மோனோமருடன் பைரீன் தாங்கிய மெத்தாக்ரிலேட்டைக் கொஞ்சம் சேர்த்து, வினையைத் தொடங்கிவைக்கும் ஏஐபிஎன் போட்டு, நைட்ரஜன் சூழலில் 70 டிகிரியில் வைக்கிறீர்கள். அப்புறம் கரைசலை, கலக்கிக்கொண்டிருக்கும் மெத்தனாலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்; பாலிமர் வெள்ளை இழைகளாகத் திரளும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் கட்டிதட்டி, வினைபுரியாத சாயத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். வடிகட்டிய மெத்தனாலையும் விளக்கில் காட்டிப் பாருங்கள். அது ஒளிர்ந்தால் பாலிமரை மறுபடி டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) என்ற கரைப்பானில் கரைத்து, மறுபடி மெத்தனாலில் வீழ்த்துங்கள். ஒளிர்வு நின்ற பிறகும், மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்து பெரியதை முதலில் வெளிவிடும் ஜிபிசி கருவியில், பைரீனுக்குரிய 340 நானோமீட்டர் உறிஞ்சலைப் பார்ப்பது நல்லது. பாலிமர் வெளிவந்து முடிந்தபின் கடைசியில் ஒரு சிறு உச்சி எட்டிப்பார்த்தால், அது பிணையாத சாயம்.

அளவிடும்போது கரைசல் கெட்டியாக இருந்தால் ஒளி கூடும் என்று தோன்றும். உண்மையில் தூண்டும் ஒளி கியூவெட்டின் (கரைசலை வைத்து அளக்கும் சிறு குப்பியின்) முன்பக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கருவி பார்ப்பதோ நடுப்பகுதியை. 1 சென்டிமீட்டர் கியூவெட்டில் உறிஞ்சல் 0.1ஐத் தாண்ட விடாதீர்கள். 480 நானோமீட்டர் அருகே எக்ஸைமர் பட்டை (இரண்டு பைரீன்கள் சேர்ந்து வெளியிடும் ஒளி) வந்தால், கரைசலை இன்னும் நீர்க்கச் செய்யுங்கள். 375இல் உள்ள உச்சிக்கும் அதற்குமான விகிதம் மாறாவிட்டால், ஒரே சங்கிலியில் உள்ள பைரீன்களே சேர்கின்றன என்று சொல்லலாம்.

வெறும் கரைப்பானையும் அளக்க மறக்காதீர்கள். 340இல் தூண்டினால் டிஎச்எஃபின் ராமன் சிதறல் (கரைப்பானே அலைநீளம் மாற்றிச் சிதறடிக்கும் ஒளி) 378 அருகே, பைரீனின் முதல் உச்சி மேலேயே விழும். தூண்டலை 330க்கு மாற்றினால் ராமன் நகரும், பைரீன் நகராது.

ஆக்சிஜன் விஷயத்தில் பைரீன் ரொம்பவே மென்மையானது. ஒளியால் தூண்டப்பட்ட அதன் கிளர்நிலை நூற்றுக்கணக்கான நானோநொடி நீடிப்பதால், காற்றில் உள்ள ஆக்சிஜன் அதைப் பிடித்து அணைத்துவிடும். அதனால் நைட்ரஜன் ஊதியே அளக்க வேண்டும். ஆனால் நேராக ஊதினால் டிஎச்எஃப் ஆவியாகிச் செறிவு ஏறிவிடும். வாயுவை முதலில் வேறொரு குடுவையில் உள்ள டிஎச்எஃப் வழியாக விட்டு, பிறகு கியூவெட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

குவாண்டம் ஈவை (உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு பங்கு ஒளிர்வாகத் திரும்புகிறது என்பதை) அளக்கக் குயினைன் சல்பேட்டை ஒப்பீட்டுப் பொருளாக வைத்தால், அது இருப்பது நீர்த்த கந்தக அமிலத்தில், உங்கள் பாலிமர் டிஎச்எஃபில். இரண்டு கரைப்பான்களின் ஒளிவிலகல் எண்ணும் வேறு; அதன் வர்க்கத்தைக் கொண்டு திருத்தாமல் விட்டால் சுமார் 10 சதவீதம் பிசகும்.